கடை நம்பர்

ஒரு விடுகதை. கடை திறக்கும்போது அவள் இருப்பாள், சாத்தும்போதும் இருப்பாள். உள்ளே வருகிறவர்கள் முதலாளியைத் தேட மாட்டார்கள், அவளைத்தான் கேட்பார்கள். ஆனால் அவள் ஒரு நாள்கூட அங்கே வேலைக்குப் போனது கிடையாது. அவள் யார்? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. விடுகதையைக் கட்டியவள் தாரிகா, நான்காம் வகுப்பு. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அம்மாவின் முதுகில் மோவாயை வைத்துக்கொண்டு அவள் இதைப் போட்டபோது கோகிலாவுக்கு உடனே விடை தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் கோபம். "தோத்துட்டேன்னு சொல்லும்மா, நானே விடை சொல்லிடறேன்" என்றாள் தாரிகா. "ஒண்ணும் தோக்கல. வாய மூடிட்டு வா." குழந்தை வாயை மூடிக்கொண்டது. மோவாயை மட்டும் எடுக்கவில்லை. பதில் வாங்காமல் எடுக்க மாட்டேன் என்பதுபோல அது முதுகில் அழுத்திக்கொண்டே வந்தது. முதலாளியின் பெண்டாட்டி, என்று கோகிலா மனதுக்குள் சொன்னாள். காந்தி சிலைப் பக்கம் பஸ்ஸுக்காக ஒதுங்கி நின்றபோது இன்னொரு தடவை சொன்னாள். முதலாளியின் பெண்டாட்டி. குழந்தைக்கே தெரிந்திருக்கிறது. குழந்தைக்கே தெரிந்தது ஒரு காகிதத்தில் ஏற மாட்டேன் என்கிறது என்றால் காகிதத்தை என்ன செய்வது, கிழிப்பதா, அல்லது ஏற்றியவர்களை, ஏற்றாமல் விட்டவர்களை. வண்டியை ஜெராக்ஸ் கடை வாசலில் நிறுத்தியபோது ஸ்டாண்டு போடாமல் இறங்கிவிட்டாள். வண்டி சாய்ந்தது. தாரிகாதான் பிடித்தாள்.

"வேலைக்கா, கல்யாணத்துக்காக்கா?" என்று லோகேஷ் திரும்பாமலே கேட்டான். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கடையில் பயோடேட்டா என்று போய் நின்றால் அவன் முதலில் கேட்பது அதைத்தான், ஏனென்றால் இரண்டையும் அவன்தான் அடிக்கிறான், இரண்டுக்கும் ஒரே நாற்காலி, ஒரே பிரிண்டர். திரும்பி, கோகிலாவைப் பார்த்து, சீருடையோடு நின்ற தாரிகாவையும் பார்த்து, "சாரிக்கா, வேலைக்குத்தான்" என்று அவனே சொல்லிக்கொண்டு யாருடையதோ ஒரு பழைய ஃபைலைத் திறந்தான். புதிதாக ஒன்றைத் தொடங்குவது அவன் வழக்கமில்லை. போன வாரம் வந்தவனுடைய ரெஸ்யூமைத் திறப்பான், அவன் பெயரை அழித்து இவர் பெயரை அடிப்பான், அவன் கல்லூரியை அழித்து இவர் கல்லூரி, இப்படியே கடைசி வரிவரை இறங்குவான். அதனால் ஊரில் வேலை தேடுகிற அத்தனை பேருக்கும் வாழ்க்கையில் நோக்கம் ஒன்றே ஒன்றுதான். திரையில் அது நின்றது: சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் உயர்வுக்கு உழைப்பது. "இது இருக்கட்டுமாக்கா? எல்லாருக்கும் இதேதான் போடறேன்." சவாலான சூழலாம். மாசி மாதம் பிறந்தால் கிணறெல்லாம் அடியைத் தொடும், கணவனின் மோட்டார் கடையில் காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குள் வாசலில் டிராக்டரும் மினிலாரியும் நிற்கும், கழற்றிய மோட்டாரைச் சேறோடு கொண்டுவந்து இறக்கிவிட்டு, பயிர் காயுது அம்மிணி, பயிர் காயுது அம்மிணி என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். தாரிகா வயிற்றில் இருந்தபோதும் பேசினார்கள். தொட்டிலை ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்கு நடுவில் கட்டியிருந்தபோதும் பேசினார்கள். அந்தச் சூழலுக்கு யாரும் சவால் என்று பெயர் வைக்கவில்லை. கூடமாட இருக்கிறாள் என்றுதான் பெயர். "இருக்கட்டும்" என்றாள். உடனே, "வேண்டாம், எடுத்துரு" என்றாள். லோகேஷ் எடுத்தான். எடுத்த இடத்தில் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குள் மெயில் போயாக வேண்டும். உடுமலை ரோட்டில் ஒரு பம்பு கம்பெனி புதிதாகக் கிளை திறக்கிறது, விவசாயிகளோடு பேசி, எந்தக் கிணற்றுக்கு எந்த மோட்டார் என்று சொல்லி, சர்வீஸுக்கு ஆள் அனுப்ப ஒருவர் வேண்டும். விளம்பரத்தில் எல்லா வரியும் கோகிலாவைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. கடைசி வரி மட்டும் கதவைச் சாத்தியது. பம்புத் துறையில் ஐந்து வருட அனுபவம் கட்டாயம். லோகேஷ் பெயரை அடித்தான், பிறந்த தேதியை அடித்தான், "அப்பா பேரா, வீட்டுக்காரர் பேராக்கா?" என்று கேட்டான். அதுவே அவளுக்கு வேலைக்காகக் கேட்கிற கேள்வியாகத் தெரியவில்லை. "ரெண்டும் வேண்டாம்." "ஒண்ணாவது போடணும்க்கா, எல்லாரும் போடுவாங்க." "எம் பேரு அடிச்சாச்சில்ல? அது போதும்." அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் படிப்புக்கு இறங்கினான். பி.எஸ்சி. இயற்பியல். பிறகு அனுபவம். கோயம்புத்தூரில் ஒரு பம்புத் தொழிற்சாலை, டெஸ்டிங் பிரிவு, இரண்டு வருஷம். அதைச் சொன்னபோது அவள் குரல் மாறியதை அவளே கேட்டாள். பெரிய தொட்டி, அதன் மேல் குழாய், குழாயில் வால்வு, வால்வுக்குப் பக்கத்தில் முள் வைத்த மீட்டர். மோட்டாரை ஓடவிட்டு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வர வேண்டும். தண்ணீர் குறையக் குறைய முள் ஏறும். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, முள்ளையும் தண்ணீரின் அளவையும் கரண்டையும் குறிக்க வேண்டும். பதறக் கூடாது. பதறி மூடினால் குழாய் அதிரும். அந்தப் பிரிவில் அவள் கைதான் நிதானம் என்று ஃபோர்மன் சொல்லுவார். ஈர சிமெண்ட் வாசனை, காலுக்கடியில் மரப் பலகை, மத்தியானச் சாப்பாட்டு மணி. "அப்புறம்?" என்றான் லோகேஷ்.

அப்புறம். அந்த ஒரு வார்த்தையில் அவள் கால் மாட்டிக்கொண்டது. அப்புறம் என்ன, அப்பா ஒரு காகிதம் அடித்துக்கொண்டு வந்தார். அதுவும் இதேபோல ஒரு கடையில்தான், இதேபோல யாருடைய ஃபைலையோ அழித்து. மேலே பிள்ளையார், நட்சத்திரம், ராசி, குலக் கூட்டம், குலதெய்வம், உடன்பிறந்தவர்கள், நிலம். படிப்பு: பி.எஸ்சி. அதற்குக் கீழே, வேலை: இல்லை. அப்போது அவள் வேலையில் இருந்தாள். அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்த கையில் தொழிற்சாலைக் கிரீஸ் இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. "ஏனுங்ப்பா, வேல இல்லைன்னு போட்டிருக்கீங்க?" "வேலைக்குப் போற புள்ளைன்னா மாப்ள ஊட்ல யோசிப்பாங்க சாமி. கலியாணம் ஆனா நிக்கத்தானே போறே. நாளைக்கு நிக்கறத இன்னைக்கே போட்டா என்ன?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் பாசத்தோடு அவளை அழித்தார். மோட்டார் கடைக்காரருக்கே பெண்ணைக் கொடுத்துவிட்டு, பார், உனக்குத் தெரிஞ்ச தொழில்தான் என்று ஆறுதல் வேறு சொன்னார். கல்யாணத்துக்காக வேலை இல்லை என்று எழுதினார்கள். இப்போது வேலைக்காக அந்தக் கல்யாணத்தை எப்படி எழுதுவது? முதல் காகிதம் முதல் பொய். அந்தப் பொய் மேல் வீடு கட்டி, கடை கட்டி, பிள்ளை பெற்று, எல்லாம் நன்றாகத்தானே போயிற்று என்கிறார்கள். "அக்கா? அப்புறம் எங்க இருந்தீங்க?" பக்கத்தில் ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடிக்கு அடியில் பச்சை வெளிச்சம் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை போய் வந்தது. யாருடைய ரேஷன் கார்டோ. வெளிச்சத்துக்கு எல்லாம் தெரிந்தது, மேலேயிருந்து கீழேவரை, ஒரு வரி விடாமல்.

தாரிகாவின் கையில் இருந்த போன் அடித்தது. அவள் விளையாடிக்கொண்டிருந்தாள், விளையாட்டை நிறுத்தின எரிச்சலோடு, "தனசேகர் மோட்டார்ஸ், சொல்லுங்க" என்றாள் பழக்கத்தில். கேட்டுவிட்டு நீட்டினாள். "அம்மா, கிணத்துக்கடவு சின்ராசுத் தாத்தா." கோகிலா வாங்கினாள். "ஏனுங் அம்மிணி, கடையில காணம், ஒடம்புக்கு முடியலீங்களா?" "நல்லாருக்கேனுங்க. சொல்லுங்க." "மோட்டாரு ஓடுது, சத்தங் கேக்குது, தண்ணி நூலாட்டம் வருது. கடையில சின்ன மொதலாளி மோட்டாரே போச்சு, புதுசு மாத்தோணும்னு சொல்லிப்போட்டாப்ல. போன வருசந்தான மாத்துனோமுங்க." கோகிலா சுவரைப் பார்த்தாள். சுவரில் லேமினேஷன் ரேட் ஒட்டியிருந்தது. "உங்க பக்கம் லைன்ல ஏதாச்சும் வேலை பாத்தாங்களா?" "முந்தாநேத்து டிரான்ஸ்பார்மர மாத்துனாங்க." "அதாங்க. மோட்டாரு திருப்பிச் சுத்துது. எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு, மெயினை நிறுத்திப்போட்டு ரெண்டு ஒயர எடம் மாத்திப் போடச் சொல்லுங்க. நீங்க கைய வெச்சுராதீங்க." "அவ்வளவுதானுங்களா?" "அவ்வளவுதானுங்க. அப்பவும் வரலீன்னா கூப்பிடுங்க." "நீ நல்லாருக்கோணும் அம்மிணி" என்று அவர் வைத்தார். திருப்பிச் சுத்துது. ஓடும், சத்தம் போடும், கரண்டைத் தின்னும், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். சின்ன முதலாளி நவீன் அதைப் பார்த்துவிட்டுப் புது மோட்டார் எழுதுகிறான். அவனுக்குத் தெரியாது என்றால் மன்னிக்கலாம். தெரிந்தே எழுதியிருந்தால்? தெரியாதா, தெரியுமா என்று கேட்க இப்போது அவளுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

நவீன் அவள் கணவன் தனசேகரின் தம்பி. பெங்களூரில் ஏதோ கம்பெனியில் இருந்தான், அந்தக் கம்பெனி ஆளைக் குறைத்தபோது ஊருக்கு வந்தான், வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த அன்று அவனுக்கு மட்டன் குழம்பு வைத்தவள் இவள்தான். முதல் வாரம் கடையில் நின்று பார்த்தான். இரண்டாவது வாரம் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று வந்தது, அவள் ஸ்டூல் இருந்த இடத்தில். "அண்ணி, நீங்க பாவம், இத்தனை வருசம் அண்ணனுக்குக் கூடமாட இருந்துட்டீங்க. இனி ஊட்ல ரெஸ்ட் எடுங்க. நாம் பாத்துக்கறேன்." அன்று சாயங்காலம் கடையில் வேலை செய்கிற ஒருவர் ஓர் அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணன் குடுக்கச் சொன்னாருங்க்கா." அந்தப் பெட்டி மோட்டார் வந்த பெட்டி, பக்கவாட்டில் இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்டிருந்தது. உள்ளே அவள் தண்ணீர் டம்ளர், சீப்பு, தலைவலித் தைலம், டெஸ்டர், தாரிகாவின் பழைய கிலுகிலுப்பை. டெஸ்டரின் முனைக்கு யாரோ பேப்பர் சுற்றியிருந்தார்கள், குத்திவிடக் கூடாதென்று. வேலையே பார்க்காதவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தக் கணக்கு எந்தப் படிப்பில் வருகிறது? சம்பளம் கொடுத்திருந்தால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், இங்கே ஒரு பெட்டி போதுமாக இருந்தது. அன்று ராத்திரி அவள் தனசேகரிடம் கேட்டாள், சண்டையாகக்கூட இல்லை, சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள், எங்காவது வேலைக்குப் போகிறேன், கடையில் இத்தனை வருஷம் பார்த்தேன் என்று லெட்டர் பேடில் எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்று. கடையை விட்டுப் போன அத்தனை மெக்கானிக்குக்கும் அவள்தான் அந்த லெட்டரை எழுதியிருக்கிறாள், அவன் கையெழுத்து மட்டும்தான் போடுவான், ஒருவர் அதை வைத்துக்கொண்டு மஸ்கட் போய்ச் சேர்ந்தார். தனசேகர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "உனக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்? நீ ஊட்லதான இருந்தே?" சிரித்தான் என்பதுதான் இங்கே முக்கியம். பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பொய் என்று தெரிந்து சொல்கிறவன் முகம் வேறு மாதிரி இருக்கும்.

"ஹவுஸ்வைஃப்னு போட்றட்டுமாக்கா?" என்றான் லோகேஷ். "நெறைய அக்காங்க அப்படித்தான் போடறாங்க. இல்லீன்னா அந்த எடத்த அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம். அவங்களே புரிஞ்சுக்குவாங்க." அவங்களே புரிஞ்சுக்குவாங்களாம். பத்து வருஷத்துக்கு மேலே காலியாகக் கிடந்தால் என்ன புரிந்துகொள்வார்கள், செத்துப் போயிருந்தாள் என்றா, தூங்கிக்கொண்டிருந்தாள் என்றா. வீட்டில் உட்கார வைத்த பிறகு மத்தியானங்களில் அவள் போனில் ஒரு வீடியோ பார்த்தாள், நல்ல ரெஸ்யூம் எழுதுவது எப்படி என்று. தலையைப் படிய வாரிய ஒரு பெண் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். இடைவெளியை மறைக்காதீர்கள். பொறுப்பாக இருந்தேன் என்று எழுதாதீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் செய்ததால் என்ன மாறியது என்று எழுதுங்கள். கோகிலா எழுதிப் பார்த்தாள். எழுதியதெல்லாம் கடை செய்ததாகவே வந்தது. கடையில் மோட்டார் விற்பனை, கடையில் சர்வீஸ், கடை வளர்ந்தது. நான் என்று ஆரம்பித்தால் கை நின்றது. நான் என்ன செய்தேன்? வந்தவர்களிடம் போர் எத்தனை அடி, தண்ணீர் எந்த அடியில் நிற்கிறது, குழாய் எத்தனை இஞ்சு என்று கேட்டேன். கேட்டு, பெரிய மோட்டார் வேண்டும் என்று வந்தவனைச் சின்ன மோட்டாரோடு அனுப்பினேன், தனசேகருக்கு அதில் கோபம், ஆனால் அந்த ஆள் அடுத்த வருஷம் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தான். அப்படித்தான் கடை வளர்ந்தது. இதை எப்படி ஒரு வரியில் சொல்வது? சொன்னால் நம்புவார்களா? நம்பாவிட்டால் விசாரிப்பார்கள். விசாரிக்க எங்கே கூப்பிடுவார்கள், கடைக்குத்தான். கடை போர்டில், பில்லில், காலண்டரில், மினிலாரியின் கதவில், எல்லாவற்றிலும் இருப்பது ஒரே நம்பர். அந்த நம்பர் அடித்தால் அடிப்பது இந்த போன். இதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோகிலா என்று ஒருவர் அங்கே வேலை பார்த்தாரா? பார்த்தாருங்க, நான்தாங்க. சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் இன்று காலை தனசேகர் அந்த சிம்மைக் கேட்டிருக்கிறான்.

சொல்லி வைத்ததுபோல அவனே கூப்பிட்டான். தாரிகா பார்த்துவிட்டு, "அப்பா" என்று நீட்டினாள். "எங்க இருக்கே?" "பஸ் ஸ்டாண்டு கிட்ட. ஜெராக்ஸ் எடுக்க வந்தேன்." "அந்த சிம்மக் கேட்டனல்ல? வர்றப்ப கடையில குடுத்துட்டுப் போ. நவீனு காத்துட்டிருக்கான். சீசன் டைம், கஸ்டமர் எல்லாம் உனக்கே கூப்புட்டா எப்படி? சின்ராசு உனக்கு அடிச்சாரா?" "அடிச்சாரு." "என்ன சொன்னே?" "திருப்பிச் சுத்துதுன்னு சொன்னேன்." பின்னால் கடைச் சத்தம் கேட்டது, கிரைண்டிங் மெஷின், யாரோ கேபிள் அளக்கிற சத்தம், அவளுக்கு அந்த ஓசை ஒவ்வொன்றும் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. "அவன் ஒரு வியாபாரம் பேசி வெச்சிருக்கான், நீ ஊட்ல உக்காந்துட்டு அதக் கெடுக்கறே. வேண்டாங் கோகி. அது கடை நம்பர். கடையில இருக்கறதுதான் மரியாதி. உனக்கு வேற சிம்மு வாங்கித் தர்றேன், நல்ல நம்பரா." "சரிங்க" என்றாள். வாய்தான் சொன்னது. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கு அவள் தேவையே இல்லாமல் போயிருந்தது, அது தானாகவே வந்து தானாகவே போனது. போனைத் தாரிகாவிடம் கொடுத்தாள். சிம்மைக் கொடுத்த பிறகு கம்பெனிக்காரர்கள் விசாரிக்கக் கூப்பிட்டால் நவீன் எடுப்பான். அண்ணியா? அவங்க ஊட்லதானுங்க இருந்தாங்க. மரியாதையாகத்தான் சொல்வான். சக்கர நாற்காலியில் அரை வட்டம் சுற்றிக்கொண்டே சொல்வான். அப்போது அத்தனை வருஷமும் ஒரு பேச்சில் போய்விடும், தாரிகாவின் தொட்டில், சேறு, மாசி மாதங்கள் எல்லாம். அந்த நம்பரை எடுக்கிறவர் யாரோ, அவர் சொல்வதுதான் நடந்ததாக ஆகும். இதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை.

"கடைசிலருந்து போயிடலாம்க்கா, அனுபவத்த அப்புறம் யோசிங்க" என்று லோகேஷ் பொறுமையாகச் சொன்னான். அவனுக்குப் பின்னால் ஆதார் நகலுக்கு இரண்டு பேர் நின்றார்கள். பொழுதுபோக்கு என்ற இடத்தில் கேரம், வாலிபால் என்று ஏற்கெனவே இருந்தது. "இது உங்களுதில்லீங்களே" என்று அழித்தான். அந்த வாலிபால்காரனுக்கு வேலை கிடைத்ததோ என்னவோ. "போன் நம்பர் சொல்லுங்க." அவள் சொன்னாள். பாதி அடித்ததும் அவன் விரல் நின்றது. "அக்கா, இது மோட்டார் கடை நம்பராச்சே? எங்கப்பா அடிக்கடி அடிப்பாரு, மினிலாரில எழுதிருக்கும். கடை நம்பரப் போடக் கூடாதுக்கா, உங்க சொந்த நம்பர் போடோணும். அந்த சிம்மு யாரு பேர்ல இருக்கு?" யார் பேரில். அவள் வாயைத் திறந்தாள், கடை பேரில் என்று சொல்வதற்காகத் திறந்தாள், அது வரவில்லை. வேறொன்று நினைவுக்கு வந்தது. காந்திபுரம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குடை விரித்து உட்கார்ந்திருந்த ஓர் ஆள், முதல் சம்பளம் வாங்கின சனிக்கிழமை, கூட வேலை செய்த பெண்கள் நாலு பேர் சுற்றி நின்று கொண்டு இந்த நம்பர் எடு, அந்த நம்பர் எடு என்று கத்துகிறார்கள், கடைசி நாலும் ஒரே எண்ணாக வருகிற ஒன்றை அவள்தான் பொறுக்கினாள், அத்தாட்சிக்கு என்ன இருக்கிறது என்று அந்த ஆள் கேட்டபோது தொழிற்சாலையில் கொடுத்த அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி நீட்டினாள். பெயர், பிரிவு, போட்டோ. டெஸ்டிங். கல்யாணத்துக்கு முன்னால். தனசேகர் என்று ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்று தெரிவதற்கு முன்னால். நிச்சயதார்த்தம் முடிந்து அவன் முதன்முதலில் அடித்ததே அந்த நம்பருக்குத்தான். "நல்ல நம்பரா இருக்குதே, வாயில நிக்குது" என்றான். அடுத்த தை மாதம் போர்டு மாற்றியபோது அதையே எழுதச் சொன்னான். எழுதியவுடன் அது கடை நம்பர் ஆகிவிட்டது. அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள், கடை நம்பர், கடை நம்பர் என்று, சொல்லிச் சொல்லி அவளே மறந்து, இன்று காலைகூடக் கொடுத்துவிடுவோம் என்று பாதி மனதாக இருந்தாள். அவளுடைய ஒன்றை அவளிடமே கேட்டு, கொடுத்தால் வேறு வாங்கித் தருகிறேன் என்கிறான். கத்த வேண்டும்போல இருந்தது, ஆனால் ஆதாரோடு நின்ற பெரியவர் ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், தாரிகாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். பதறக் கூடாது. பதறினால் குழாய் அதிரும்.

"எம் பேர்லதான் இருக்கு" என்றாள். "அது என்னோட நம்பர். கடை எரவல் வாங்கிருக்குது." லோகேஷ் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டு மீதியை அடித்தான். "இப்ப மேல போ. அனுபவத்துக்குப் போ. நான் சொல்றத அப்படியே அடி." தனசேகர் மோட்டார்ஸ், பாலக்காடு ரோடு, பொள்ளாச்சி. எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை. "என்ன போஸ்ட்டுக்கா?" விடுகதையின் விடை நாக்கின் நுனிக்கு வந்தது, அதை விழுங்கினாள். "விற்பனை, சர்வீஸ் பொறுப்பு." பிறகு வரிவரியாகச் சொன்னாள், நான் என்றே ஆரம்பித்தாள், முதல் இரண்டு தடவை நிறுத்தித் திரும்பச் சொன்னாள், மூன்றாவது தடவை நிறுத்தவில்லை. நான் கிணற்றின் ஆழம், நீர்மட்டம், குழாய் அளவு கேட்டு மோட்டார் தேர்ந்து கொடுத்தேன். நான் போனிலேயே கோளாறைக் கண்டு சொல்லி, தேவையில்லாமல் மோட்டாரைத் தூக்கி இறக்கும் செலவைக் குறைத்தேன். நான் மெக்கானிக்குகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்தேன், அவர்களுக்கு அனுபவச் சான்றும் எழுதிக் கொடுத்தேன். "சம்பளம் எவ்வளவுன்னு கேப்பாங்கக்கா." "கேட்டா சொல்லிக்கறேன்." "சர்ட்டிபிகேட்?" "அதுவும் கேட்டா சொல்லிக்கறேன்." "இன்டர்வியூல கண்டிப்பா கேப்பாங்க" என்றான் அவன் தணிந்த குரலில், பயமுறுத்துவதற்காக அல்ல. அவளுக்குப் பயம் இருந்தது. மெயில் போன பிறகு வீடு இருக்கிறது, வீட்டில் தனசேகர் இருக்கிறான், அவன் சாப்பிட உட்காருவான், சோறு போட வேண்டும், மாமியார் ஹாலில் டிவியைக் குறைத்து வைத்துவிட்டுக் கேட்பாள். அந்தப் பயம் ஓரமாக உட்கார்ந்திருந்தது, கோபத்துக்கு இடம் விட்டு. "பிரிண்ட் எடு."

காகிதம் சூடாக வந்தது. கடைசியில் எல்லாருக்கும் வருகிற உறுதிமொழி வந்திருந்தது, மேலே கூறியவை யாவும் உண்மை என்று, இடம், தேதி, கையொப்பம். லோகேஷ் பேனாவைக் கொடுத்தான். "கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ஸ்கேன் பண்ணி அனுப்பிடலாம்." பேனாவை வாங்கியபோது கை பழக்கத்தில் தனசேகர் மோட்டார்ஸுக்காக என்று எழுதப் போயிற்று. டெலிவரி சலானில் அப்படித்தான் எழுதுவாள். ஒரு கணம் நிறுத்தி, தன் பெயரை எழுதினாள், கல்லூரிச் சான்றிதழில் இருக்கிற மாதிரி, முழுசாக. உண்மை என்று ஒரு காகிதத்தில் அவள் கையெழுத்துப் போடுவது எத்தனை நாளைக்குப் பிறகு. பச்சை வெளிச்சம் ஓர் ஓரத்திலிருந்து கிளம்பி, அவள் பெயர், படிப்பு, டெஸ்டிங், பாலக்காடு ரோடு, மூன்று 'நான்', கையெழுத்து என்று கடந்து மறு ஓரத்துக்குப் போனது. லோகேஷ் ஒரு தடவை தட்டினான். "போயிருச்சுக்கா." அவ்வளவுதான், ஒரு சத்தமும் இல்லை. அவள் காகிதத்தை மடிக்காமல் பையில் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். தாரிகா ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "அம்மா, இப்பவாவது விடை சொல்லவா?" என்று கேட்டாள். "இல்ல, நானே சொல்றேன். அது தப்பான விடுகதை." "எப்படித் தப்பு?" "வேலைக்குப் போனதில்லைன்னு சொன்னே பாரு, அங்க தப்பு." தாரிகா யோசித்தாள். "அப்ப மாத்திக் கட்டட்டுமா?" "கட்டு."

போன் அடித்தது. தாரிகா குனிந்து பார்த்தாள். "அப்பாதாம்மா" என்றாள். அவள் எடுப்பதற்குள் அது வேறு மாதிரி விட்டுவிட்டு ஒலித்தது, திரையில் இன்னொரு அழைப்பும் வந்து நின்றது, பெயர் இல்லாத ஒரு நம்பர். யாராவது விவசாயியாக இருக்கலாம். வேறு யாராகவும் இருக்கலாம். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும். "எதம்மா எடுக்கறது?" என்று கேட்டாள் தாரிகா. கோகிலாவின் ஒரு கையில் பை, ஒரு கையில் காகிதம். இரண்டு அழைப்பும் அடித்துக்கொண்டிருந்தன.

தாரிகா பெயரில்லாத நம்பரை எடுத்தாள்.